பழைய சாயில் ரிப்போர்ட்டை நம்பலாமா? பீரோவில் 140 கிடக்கிறது, என்ன செய்வது?

மாம்பலம்_மண்புழு:

எல்லோருக்கும் வணக்கம். மேற்கு மாம்பலத்தில் ஒரு சின்ன ஸ்ட்ரக்சுரல் ஆபீஸில் நாலு வருஷமாக வேலை பார்க்கிறேன். மொத்தம் ஐந்து பேர், பாஸையும் சேர்த்து. என்னிடம் இரண்டு கேள்வி, ஆனால் இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கிறது.

லேக் வியூ ரோட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஸ்டில்ட் பிளஸ் 3 (கீழே பார்க்கிங், மேலே மூன்று மாடி) வேலை ஒன்று வந்திருக்கிறது. ஓனர் ரிட்டயர்டு பேங்க் ஆபீசர். நல்ல மனுஷர், வாசல் கேட்டுக்கு எந்த மரம் என்று மூன்று நாள் யோசிப்பார், ஆனால் சாயில் டெஸ்ட் என்றால் மட்டும் முகம் சுருங்கிவிடுகிறது. "ரெண்டு வீடு தள்ளி 2011ல கட்டினாங்களே, அந்த ரிப்போர்ட்டே இருக்கு" என்று மேஸ்திரி மூலமாக ஒரு ஜெராக்ஸ் வாங்கிக் கொடுத்தார். முழு ரிப்போர்ட் இல்லை, கடைசிப் பக்கம் மட்டும். "1.5 மீட்டர் ஆழத்தில் எஸ்பிசி சதுர மீட்டருக்கு 15 டன்" என்ற வரிக்கு மேல் மஞ்சள் ஹைலைட்டர். எஸ்பிசி என்றால் அந்த மண் பத்திரமாகத் தாங்கும் பாரம். போர் லாக், அதாவது துளை போட்டபோது எந்த ஆழத்தில் என்ன மண் வந்தது என்ற பதிவு, எங்கே சார் என்றேன். "அது எதுக்கும்மா, அதான் நம்பர் இருக்கே" என்றார்.

தெரியாதவர்களுக்கு: இந்தப் பக்கம் ஒரு காலத்தில் பெரிய ஏரிக் கரை. 1920களில் அந்த ஏரியைத் தூர்த்துத்தான் தி.நகர் எழும்பியது. இன்றைக்கு ஏரி போய் ரோட்டுப் பெயர் மட்டும் மிச்சம். எங்கே கரை, எங்கே மடை, எங்கே ஆழம் என்று மேலே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது.

இரண்டாவது கேள்வி. ஆபீஸ் மாற்றுகிறோம். ஒரு ஸ்டீல் பீரோ நிறைய சாயில் ரிப்போர்ட், எண்ணிப் பார்த்தேன், 140. 1998ல் தொடங்கி இன்றுவரை. பாஸ் பழைய பேப்பர்காரரைக் கூப்பிடச் சொல்லிவிட்டார், நான் இரண்டு முறை அவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எல்லாவற்றையும் எக்ஸெலில் ஏற்றினால், கோடம்பாக்கத்திலும் அசோக் நகரிலும் ஆபீஸ் வைத்திருக்கும் நண்பர்களும் அவரவர் பீரோவைத் திறந்தால், இந்த வட்டாரத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஒரு படமே வந்துவிடும் அல்லவா? பகிரலாமா? ரிப்போர்ட் யாருடைய சொத்து: காசு கொடுத்த ஓனருடையதா, போர் போட்ட லேபுடையதா, எங்களுடையதா? எதை ஏற்றுவது, எதை விடுவது?

---

கான்கிரீட்_காதலன்:

15 டன் போட்டு ராஃப்ட் (கட்டடம் முழுக்க ஒரே ஸ்லாப் அஸ்திவாரம்) அடிச்சிட்டுப் போங்க. மாம்பலத்துல எல்லாரும் அதைத்தான் பண்றாங்க.

---

ட்ரைபாட்:

மேல சொன்னவர் வீடு எங்கன்னு சொன்னா நாங்க அந்தத் தெருவுல நடக்க மாட்டோம்.

தம்பி, நான் 31 வருஷமா போர் போடறேன். கை வின்ச், அப்புறம் டீசல் வின்ச். ஒண்ணு சொல்றேன். அந்தக் கடைசிப் பக்கத்துல இருக்கிற 15 டன், மண்ணோட நம்பர் இல்ல. ஒரு இன்ஜினியர் கணக்கு. அவரு ஃபுட்டிங், அதான் தூணுக்கு அடியில போடற அஸ்திவாரம், அகலம் ஒண்ணரை மீட்டர்னு வெச்சிருப்பாரு, 25 மி.மீ. செட்டில்மென்ட், அதாவது கட்டடம் கீழ இறங்கறது, ஒத்துக்கலாம்னு வெச்சிருப்பாரு. உன் ஃபுட்டிங் வேற, உன் லோடு வேற. அந்த நம்பரை நீ எடுத்துக்கிட்டா பக்கத்து வீட்டுக்காரர் மூக்குக் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கிட்ட மாதிரி.

மண்ணோட நம்பர் லாகுல இருக்கு. எஸ்பிடின்னு பேரு, ஸ்பூன்ங்கற குழாயை மண்ணுக்குள்ள அடிச்சு இறக்கற டெஸ்டு. 63.5 கிலோ சுத்தியல், 75 சென்டிமீட்டர் உயரத்துலேர்ந்து விழணும். முதல் 15 சென்டிமீட்டர் இறங்கறதுக்கு எத்தனை அடின்னு எழுதிட்டு கணக்குல சேர்க்கக் கூடாது. அடுத்த ரெண்டு 15க்கும் சேர்த்து எத்தனையோ அதான் 'என்', அது கூடினா மண்ணு கெட்டி. அந்த மூணு நம்பரையும் எழுதி வெச்ச ரிப்போர்ட் கிடைச்சா பத்திரமா வை. நிறைய பேரு கரெக்ட் பண்ண 'என்' மட்டும் போட்டு விட்டுடுவாங்க.

பகிர்றதைப் பத்தி என் அபிப்பிராயம் கசப்பாத்தான் இருக்கும். எல்லாரும் எல்லாத்தையும் பகிர்ந்தா எனக்கு யாரு போர் கொடுப்பா? என் ரிக்குல நாலு குடும்பம் சாப்பிடுது.

---

மாம்பலம்_மண்புழு:

தம்பி இல்ல அண்ணா, தங்கச்சி. கண்ணாடி விஷயம் ஓனரிடமே சொல்லிவிட்டேன். சிரித்தார். டெஸ்டுக்கு இன்னும் சரி சொல்லவில்லை.

---

ஓய்வுபெற்ற_ஏஇ:

மகளே, நல்ல காரியத்தில் இறங்கியிருக்கிறாய். 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் விழுந்து 61 பேர் இறந்த பிறகு சாயில் ரிப்போர்ட் கேட்பது எங்கும் கூடியது. கேட்டார்கள், கொடுத்தார்கள், ஃபைலில் கோர்த்தார்கள். படித்தவர் எத்தனை பேர் என்பது வேறு கதை.

ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன், மட்டம். உன் பீரோவிலிருந்து எந்த ரிப்போர்ட்டை வேண்டுமானாலும் எடு. "தரை மட்டம் 100.00" என்று போட்டிருக்கும். எதை வைத்து 100? "ரோட்டின் நடு" என்று படத்தில் ஒரு அம்பு. சென்னையில் ரோட்டை வைத்து மட்டம் எடுப்பது ஓடும் பஸ்ஸில் கோடு கிழித்துவிட்டு இறங்குவது போல. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுக்கொண்டே போகிறோம். நான் சர்வீஸில் சேர்ந்தபோது மூன்று படி ஏறிப் போன திண்ணை வீடுகளுக்கு இன்று ஒரு படி. சில வீடுகளுக்கு இறங்கிப் போக வேண்டும். 2011 ரிப்போர்ட்டின் ஒண்ணரை மீட்டரும் இன்றைய ஒண்ணரை மீட்டரும் ஒன்றல்ல. ஓனர் மனையில் ஃபில்லிங் கொட்டியிருந்தால் இன்னும் மோசம்.

நகராத ஒன்றைத் தேடு. பழைய கிணற்றுச் சுவர், கோயில் படி, இடிக்காத வீட்டின் பிளிந்த் (அடிப்பீடம்). ரிப்போர்ட் போட்டோவில் அது தெரிந்தால் அதிர்ஷ்டம். இனி நீ ஏற்றும் ஒவ்வொரு போருக்கும் கடல் மட்டத்திலிருந்து உயரம் இருக்கட்டும். போன் ஜிபிஎஸ் காட்டும் உயரத்தை எழுதாதே, அது மீட்டர் கணக்கில் பொய் சொல்லும். மட்டம் பார்க்கும் ஆட்டோ லெவல் கருவி வைத்து, உயரம் தெரிந்த ஒரு சர்வே பெஞ்ச் மார்க்கிலிருந்து கொண்டுவா. அட்சரேகை தீர்க்கரேகை போனிலேயே எடுக்கலாம், தசமப் புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் எழுது. நாலோடு நிறுத்தினால் பத்து மீட்டர் பிசகும், மாம்பலத்தில் பத்து மீட்டர் என்றால் அடுத்த வீடு.

தண்ணீர் மட்டத்துக்குத் தேதி போடாத ரிப்போர்ட்டைக் கிழித்துப் போடு என்று சொல்ல வாய் வருகிறது, சொல்லவில்லை. மே மாதம் எடுத்ததும் டிசம்பரில் எடுத்ததும் ஒரே கட்டத்தில் ஒரே எழுத்தில் கிடக்கும்.

---

வடக்குக்_குளிர்:

நான் இங்கிலாந்தில் லீட்ஸ் பக்கம் ஜியோடெக்னிக்கல் வேலையில் இருக்கிறேன், சொந்த ஊர் கும்பகோணம். இங்கே இது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். "அங்கே எல்லாம் சொர்க்கம்" வகை பதிவு இல்லை.

பிரிட்டிஷ் ஜியாலஜிகல் சர்வே என்ற அரசு ஆய்வு நிறுவனத்தின் வலைப்படத்தில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட போர் பதிவுகள் புள்ளி புள்ளியாக இருக்கும். ரகசியம் என்று குறித்தவை போக மற்றதைச் சொடுக்கினால் பழைய லாகின் ஸ்கேன் வந்து நிற்கும், காசு கிடையாது. எந்த வேலையையும் முதலில் அதைத் திறந்துவிட்டுத்தான் தொடங்குவோம். ஆனால் அதை வைத்து யாரும் டிசைன் செய்வதில்லை. எங்கே போர் போடுவது, எவ்வளவு ஆழம் போடுவது, எதற்குப் பயப்படுவது என்று முடிவு செய்யத்தான். ட்ரைபாட் அண்ணாவுக்கு இதைத்தான் சொல்ல விரும்புகிறேன்: பழைய லாக் இருப்பதால் புது போர் குறைந்துபோய் யாரும் இங்கே ரிக்கை விற்கவில்லை. சும்மா நாலு மூலைக்கு நாலு என்று போடுவதற்குப் பதில் சரியான இடத்தில் போடச் சொல்கிறார்கள், சில சமயம் இன்னும் ஆழமாக.

என் பங்குக்கு ஒரு அசிங்கக் கதை. ஒரு ரயில்வே கரை வேலைக்கு 1960களின் லாக் ஒன்று கிடைத்தது. சிவப்பு மையில் "பீட்" என்று போட்டிருந்தது, அதாவது மக்கிய தாவரச் சேறு. 18 என்ற ஆழம். கூட இருந்த பையன் 18 மீட்டர் என்று ஏற்றிவிட்டான். அவ்வளவு கீழே என்றால் நமக்குக் கவலை இல்லை என்று எல்லோரும் நகர்ந்துவிட்டோம். 18 அடி. ஐந்தரை மீட்டர். ரிக் அந்தச் சேற்றைத் தொட்ட அன்றுதான் தெரிந்தது. அந்த லாகின் இடக்குறிப்பும் ஆறு இலக்கம்தான். அப்படியென்றால் 100 மீட்டர் சதுரத்துக்குள் எங்கேயாவது என்று அர்த்தம். ஸ்கேன் பார்க்க அழகாக இருந்ததால் துல்லியமாகவும் இருக்கும் என்று நாங்களே நினைத்துக்கொண்டோம்.

உன் எக்ஸெலுக்கு: இங்கே 1992லிருந்து ஏஜிஎஸ் என்ற ஒரு ஃபைல் வடிவம் இருக்கிறது. மந்திரம் எதுவும் இல்லை, நோட்பேடில் திறக்கிற சாதாரண எழுத்து ஃபைல். போர் எங்கே இருக்கிறது என்பது ஒரு அட்டவணை, எந்த ஆழத்திலிருந்து எந்த ஆழம் வரை என்ன மண் என்பது இன்னொன்று, எஸ்பிடி அடிகள் மூன்றாவது. முதல் 15க்கு எத்தனை அடி, பிறகு எத்தனை, சுத்தியலின் சக்தி விகிதம் எவ்வளவு என்று தனித்தனிக் கட்டம். யூனிட்டுக்கென்றே ஒரு வரி. அடி, மீட்டர் குழப்பம் வரவே வராது. நீ அந்த வடிவத்திலேயே எழுத வேண்டாம், உன் எக்ஸெல் ஷீட்டுகளை மட்டும் அப்படிப் பிரித்து வை. கவனி, எஸ்பிசிக்கு அதில் கட்டமே கிடையாது. பார்த்ததும் அளந்ததும் மட்டும். கணித்தது வேறு ரிப்போர்ட்.

சொத்து பற்றி: நான் வக்கீல் இல்லை. செய்யக்கூடியதைச் சொல்கிறேன். ஓனரிடம் ஒரு வரி மெயில் வாங்கு, "லாகும் லேப் முடிவும் பகிரச் சம்மதம்" என்று. பெயர், போன் நம்பர், வீட்டு விலாசத்தை எடுத்துவிடு. கணித்த பக்கங்களைப் பகிராதே, அது எழுதிய இன்ஜினியரின் பொறுப்பு. ஷீட்டின் தலையில் "இதை நம்பி டிசைன் செய்யாதே, உன் போரை நீ போடு" என்று எழுது.

நெதர்லாந்துக்காரர்கள் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள், 2018ல் நடைமுறைக்கு வந்தது. அரசு அமைப்புகள் போர் போட்டால் பொதுப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும், வேலை தொடங்கும் முன் அதைப் பார்க்க வேண்டும், தப்பு என்று சந்தேகம் வந்தால் சொல்லியாக வேண்டும். எனக்குப் பிடித்தது அந்த மூன்றாவதுதான்.

---

மாம்பலம்_மண்புழு:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் உட்கார்ந்து 60 ரிப்போர்ட் ஏற்றியிருக்கிறேன்.

60ல் 41க்கு இடம் எங்கே என்றே சரியாகத் தெரியாது, "பிளாட் எண் 7" என்று மட்டும் இருக்கிறது. பாதிக்கு மேல் கரெக்ட் செய்த 'என்' மட்டும்தான். தண்ணீருக்குக் கீழே இருக்கும் நுண்மணலில் 'என்' 15ஐத் தாண்டினால், தாண்டியதை மட்டும் பாதியாகக் குறைக்கச் சொல்கிறதே எஸ்பிடிக்கான இந்தியத் தரநூல் ஐஎஸ் 2131, அதனால் ஒரு இடத்தில் 27.5 என்று இருந்தது. பின்னோக்கிக் கணக்குப் போட்டால் 40. ஆனால் அதற்கு முன் மேல்மண் அழுத்தத்துக்கும் திருத்தினார்களா இல்லையா என்று எழுதவில்லை. ஆக, களத்தில் அன்றைக்கு எத்தனை அடி விழுந்தது என்பது அந்த ஆளோடு போயிற்று.

இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது ஒன்று நடந்தது. சும்மா 'என்' கட்டத்தை வரிசைப்படுத்திப் பார்த்தேன். கோடம்பாக்கத்து ரிப்போர்ட் ஒன்று, 2006. மடிப்பாக்கத்து ரிப்போர்ட் ஒன்று, 2007. இரண்டும் ஒரே லேப். இரண்டிலும் இரண்டாவது போர்: 7, 9, 14, 22, 37, ரெஃப்யூசல் (அதற்கு மேல் அடித்தாலும் இறங்காது). சரி, தற்செயல் என்று நினைத்து லேப் பக்கத்தைப் புரட்டினேன். ஈரப்பதம் 18.64, 21.37, 19.05. அங்கேயும் 18.64, 21.37, 19.05. மடிப்பாக்கத்துக் களிமண் கோடம்பாக்கத்துக் களிமண்ணோடு புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை ஒத்துப்போகிறது. இப்படி மூன்று ஜோடி. தனித்தனி பைண்டிங்கில், பீரோவின் தனித்தனித் தட்டில் இத்தனை வருஷம் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. அதில் ஒன்றுக்கு எங்கள் ஆபீஸே டிசைன் செய்திருக்கிறது. பாஸிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார். பழைய பேப்பர்காரரை இனி கூப்பிட மாட்டார் என்று நினைக்கிறேன்.

அந்தக் கட்டடம் நன்றாகத்தான் நிற்கிறது, ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சுவரில் விரிசல் எதுவும் தெரியவில்லை. ராத்திரி தூக்கம் வரவில்லை என்பது வேறு.

---

ட்ரைபாட்:

தங்கச்சி, அந்த லேப் பேரை இங்க எழுதாம விட்டியே, நல்லது.

இப்ப நான் ஒண்ணு சொல்றேன், திட்டாதே. எப்பவோ ஒரு வேலை, மூணு போர் ஒத்துக்கிட்டோம். ரெண்டு முடிச்சோம். மூணாவதுக்கு டிரைபாட் நிறுத்தறப்ப மழை பிடிச்சுது, நாலு நாள் விடலை. சைட்ல இடுப்பளவு தண்ணி. கொடுத்த ரேட்டு ரெண்டு போருக்கே கட்டுப்படியாகாது. ரிக்கைக் கழட்டிட்டு வந்துட்டோம். ரிப்போர்ட்டுல மூணு போர் இருந்துச்சு. நான் எழுதலை, ஆபீஸ்ல யாரோ எழுதினாங்க. ஆனா கூலி மூணுக்கும் வாங்கினேன்.

எவன் ரேட்டு கம்மியோ அவனுக்குத்தான் வேலைன்னா இதுதான் நடக்கும். நீ வரிசைப்படுத்திப் பார்த்தது மாதிரி நாலு பேரு பார்க்கிறாங்கன்னு தெரிஞ்சா எழுத மாட்டான். போன தடவை பகிர்றதைப் பத்திச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். பாதி.

உன் ஓனருக்கு ஒரு போர் நானே போட்டுத் தர்றேன். நியாயமான ரேட்டு. நீ பக்கத்துல நின்னு அடி எண்ணணும், அதான் கண்டிஷன்.

---

மாம்பலம்_மண்புழு:

போர் போட்டாயிற்று. ஓனர் ஒத்துக்கொண்டதற்குக் காரணம் நான் இல்லை, இரண்டு வீடு தள்ளி இருக்கும் பாட்டி. முழு ரிப்போர்ட்டைக் கேட்டுப் போனேன். சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தார். மேஸ்திரி கொண்டுவந்தது கடைசிப் பக்கம் என்றேனே, அதற்கு முந்தின பக்கத்தில் இருக்கிறது: "2.7 மீட்டர் வரை உள்ள மென்களியை முழுவதும் அகற்றி, மணல் நிரப்பி, அடுக்கடுக்காக இறுக்கிய பிறகு". அதற்கப்புறம்தான் 15 டன். பாட்டிக்கும் ஞாபகம் இருக்கிறது, "லாரி லாரியா மணல் வந்துது, தெருவே அடைச்சுது" என்றார். ஓனரை அழைத்துப் போய்ப் படிக்கச் சொன்னேன். இரண்டு முறை படித்தார், ஹைலைட்டரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஏஇ சார், நகராத பொருள் கிடைத்தது. பாட்டி வீட்டுக் கொல்லைக் கிணறு. பழைய ரிப்போர்ட்டில் ரிக் போட்டோவில் பின்னால் நிற்கிறது, மட்டப் பட்டியலிலும் கிணற்று மேல்விளிம்பு இருக்கிறது. அதை வைத்து லெவல் எடுத்தால் 2011க்குப் பிறகு ரோடு 38 செ.மீ. ஏறியிருக்கிறது.

ஓனர் சம்மத மெயில் அனுப்பிவிட்டார். எக்ஸெலில் 61வது வரிசை, ஆனால் முழு விவரத்தோடு முதலாவது. அடிகள் 15-15-15 செ.மீ. வரிசையில், எதுவும் கரெக்ட் செய்யாதது:

0 முதல் 1.4 மீ: ஃபில்லிங். செங்கல், ஓடு, ஒரு ரப்பர் செருப்பு.
1.4 முதல் 4.6 மீ: கருப்புக் களி, நத்தை ஓடுகள், சேற்று வாடை.
1.5 மீ: 2, 1, 2. என் 3.
3.0 மீ: 1, 1, 1. என் 2.
4.5 மீ: நடுவில் மண் மாறுகிறது, 2, 2, 4. என் 6. ஸ்பூனின் நுனியில் மணல்.
6.0 மீ: 5, 6, 8. என் 14. நடுத்தர மணல்.
7.5 மீ: 8, 10, 12. என் 22.
9.0 மீ: 14, 19, 23. என் 42. சுக்கான் கல் துண்டுகள்.
10.2 மீ: ரெஃப்யூசல்.
தண்ணீர் 2.1 மீ.

பாட்டி வீட்டில் களி 2.7ல் முடிகிறது, இங்கே 4.6 வரை போகிறது. நடுவில் இரண்டே வீடு. களியைத் தாண்டிப் பைல் (ஆழத் தூண்) இறக்குவதா, களியை அள்ளுவதா என்று பாஸ் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

---

ட்ரைபாட்:

தண்ணி 2.1 எழுதியிருக்கியே, எப்ப எடுத்தே? நாங்க துளைக்குள்ள விட்ட கேசிங் குழாயை உருவினவுடனே எடுத்தியா, தண்ணி நிலைச்சப்புறம் மறுநாள் காலையில வந்து எடுத்தியா? தேதி, மணி போடு.

---

மாம்பலம்_மண்புழு:

உருவினவுடனே. நாளைக்குக் காலையில் போய் மறுபடி எடுத்துவிட்டுத் திருத்துகிறேன் அண்ணா.